சுருண்ட இலைக்கு மஞ்சள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பஸ் வேலையை விட்டுப் பயிர் வைக்க வந்த அன்று, உங்களோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. என் தங்கை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து உங்கள் தக்காளியைப் பார்த்தேன். இலை ஓரம் வெளிறி, மேல்பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. தண்ணீர்க் குறை இல்லை, இலைச்சுருட்டு நோய். வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது. சுருண்டதைப் பிடுங்குங்கள். ஈ குறைய மஞ்சள் வையுங்கள், எண்ணெய் தடவி. என் செடிகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

மச்சான்

மார்ச் 6

அன்புள்ள மச்சானுக்கு,

"பஸ் ஓட்டினவருக்குப் பயிர் எதுக்கு"ன்னு கேட்ட வாயால் வைத்தியமும் சொன்னீர்கள், சந்தோஷம். மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து இலை இலையாகத் தடவிவிட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது. உங்கள் தங்கை வந்து பார்த்துவிட்டு, "உப்பு போட்டாச்சா, அடுப்புல ஏத்திடவா?" என்கிறாள்.

பிடுங்கத்தான் மனசு வரவில்லை. பூ விட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் உரம் போட்டால் நிமிர்ந்துவிடும்.

மாப்பிள்ளை

மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

கடவுளே, நான் சொன்னது மஞ்சள் நிற அட்டை. அதில் எண்ணெய் தடவிச் செடிகளுக்கு நடுவில் நட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றதும் பயம்தான். இளசிலேயே நோய் பிடித்த செடி முழங்கால் உயரம் தாண்டாது. பூ உதிரும். தப்பிக் காய்த்தாலும் கோலிக்குண்டு அளவுதான். உரத்துக்கெல்லாம் மசியாது. அங்கே சாறு குடித்த ஈ நேராக என் செடிக்கு வரும். இந்த வருஷம் எனக்குப் பிழைப்பே இதுதான். கெஞ்சிக் கேட்கிறேன்.

மச்சான்

மார்ச் 15

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடியே பூவெல்லாம் கொட்டிவிட்டது. இன்று காலை நானும் உங்கள் தங்கையும் மொத்தத்தையும் பிடுங்கினோம். ஈ பறக்காதபடி சாக்கைக் கவிழ்த்துப் பிடுங்கி, குழியில் போட்டு மூடினோம். பச்சையாக நின்ற சிலதையும் விடவில்லை. என் ஆசைக்காக உங்கள் வயலைப் பணயம் வைக்க முடியாது.

வெறும் நிலத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பஸ் ஓட்டினவருக்குப் பயிர் எதுக்கு என்று நீங்கள் கேட்டது சரிதான் போலிருக்கிறது. டிப்போவில் பழைய வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 10

அன்பு மாப்பிள்ளைக்கு,

டிப்போவில் வரச் சொல்லிவிட்டார்களாம், தங்கை சொன்னாள். போகாதீர்கள்.

என் பக்கம் வேலியோரத்தில் நாலைந்து செடிதான் சுருண்டது, பிடுங்கிவிட்டேன். மற்றதெல்லாம் குலைகுலையாகத் தொங்குகிறது. உங்கள் வயல் வெறிச்சோடியதால்தான் என் வயல் தப்பித்தது. பச்சையாக நின்ற செடியைப் பிடுங்க எனக்குக் கை வந்திருக்காது, உங்களுக்கு வந்தது. உங்களுக்காக ஈ புகாத வலைக்குள் நாற்று விட்டிருக்கிறேன், இப்போது நடலாம்.

நாளைக்குத்தான் முதல் பறிப்பு. உங்கள் கை படாமல் ஒரு பழமும் செடியைவிட்டு இறங்காது.

மச்சான்

ஏப்ரல் 11

மச்சான்,

கூடையோடு உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். பேச மாட்டேன் என்றவரை எப்படிக் கூப்பிடுவது, அதனால் இதைக் கதவிடுக்கில் செருகுகிறேன். டிப்போவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வெளியே வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடலாம்.