திருவெள்ளறை பஸ் ஐந்து இருபத்தைந்து

ஸ்ரீரங்கம்,
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

மூணு வேளையும் மூக்குமுட்டத் தின்னுக்கிட்டு சுகமாக இருக்கும் தங்கை மேகலை எழுதுவது. மெயில்தான், ஆனா லெட்டர் மாதிரி எழுதினாத்தான் நீ பதில் போடுற.

அம்மா போனில் உன் நம்பர் எந்தப் பேரில் இருக்கு தெரியுமா? 'கேஸ் சிலிண்டர்'. அப்பா பக்கத்தில் இருக்கும்போது நீ கூப்பிட்டா, "சிலிண்டர்காரன் போல" என்று மாடிக்கு ஓடும். மாசம் எட்டு சிலிண்டர் வாங்குற ஒரே குடும்பம் மேலூர் ரோட்டில் நாமதான்.

விஷயத்துக்கு வரேன். எங்க கிளாஸ்ல ஆளுக்கொரு வலைப்பக்கம் செஞ்சு யுனிவர்சிட்டி சர்வரில் ஏத்தணும். நீ படிச்ச அதே டிபார்ட்மென்ட், அதே லேப். நல்லதம்பி சார் மாதிரிக்குன்னு ஒரு பழைய பக்கத்தைத் திறந்தார். 'சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பஸ்கள்'. கீழே 'அ. அரவிந்தன், இறுதியாண்டு'. நான் எழுந்து நின்னு வணக்கம் சொன்னேன். சார் உக்காரச் சொன்னார்.

நீ அதை எப்படி அடுக்கி வெச்சிருக்கன்னு உள்ளே போய்ப் பாக்கணும். பாஸ்வேர்ட் குடு.

இப்படிக்கு,
ரெண்டு நிமிஷத்தில் வேகாத மேகி

*

ஹாம்பர்க்,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள மேகலை,

பாஸ்வேர்ட் தனி மெயிலில். பார், மூடு, வெளியே வா. எதையும் தொடாதே. என் லேப்டாப் போன வருஷம் செத்துப்போச்சு, அந்தப் பக்கத்துக்கு வேறு காப்பி கிடையாது.

அப்பாவிடம் என் பேச்சை எடுக்காதே. யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன், எனக்காக பஸ் முதலாளி முன்னால் போய் நின்றார். அப்படி வாங்கித் தந்த ஆபீஸ் வேலையை நான் நாலாம் நாள் விட்டேன். மூணு வருஷமாக அவர் பேசாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அன்புடன்,
அரவிந்தன்

*

ஸ்ரீரங்கம்,
10 செப்டம்பர் 2025

அன்பும் பொறுமையும் நிறைந்த, தங்கையை ஒருநாளும் அடிக்காத அண்ணனுக்கு,

முதல்ல உக்காரு.

நம்ம வீட்ல என்னை 'வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யுற பொண்ணு'ன்னு யாரும் சொன்னதில்ல. பக்கத்தை சர்வர்ல ஏத்துற இந்த சாஃப்ட்வேர்ல வேலையே இழுத்துப் போடுறதுதான். இடது பக்கம் நம்ம கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர். இங்கேருந்து இழுத்து அங்கே விட்டா போய்ச் சேர்ந்துடும்.

திங்கக்கிழமை லேப்ல என் பக்கத்தை ஏத்தினேன். 'இதே பேரில் ஒரு ஃபைல் இருக்கு, அதன்மேல் எழுதவா?'ன்னு கேட்டுச்சு. என் பழைய ஃபைலைத்தான் சொல்லுதுன்னு நெனச்சு சரின்னு அமுக்கிட்டேன். நான் நின்னது என் ஃபோல்டர்ல இல்லண்ணா. முந்தின தடவை உன் பாஸ்வேர்டில் நுழைஞ்சதை அது ஞாபகம் வெச்சிருந்தது. நான் வெச்சுக்கல.

உன் பஸ்கள் எல்லாம் போச்சு. இப்ப அங்கே ஒரு பூனை ஆடுது. பக்கத்தில், 'எங்கள் அப்பா ஒரு நடமாடும் கடிகாரம், மணிக்கொரு தரம் சத்தம் போடுவார்'னு பளிச்சு பளிச்சுன்னு எழுத்து. சார்கிட்ட கேட்டேன், சர்வரிலும் பழைய காப்பி இல்லையாம்.

திட்டுறதுக்கு முன்னாடி அடுத்ததையும் படி. நேத்து ராத்திரி தோசை சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பஸ் பக்கத்துல பூனை ஆடுதே, யாரு போட்டது?"

"எந்தப் பக்கம்ப்பா?"

"அதான்... யுனிவர்சிட்டில."

"நீங்க எப்பப்பா பாத்தீங்க?"

"காலைலதான். டூட்டிக்குப் போறப்ப தினம் பாக்குறதுதானே."

சொல்லிட்டு அப்பாவே திடுக்கிட்டுப் போய் ஒரு சொம்புத் தண்ணியையும் குடிச்சார். அம்மா தோசையைத் திருப்ப மறந்துடுச்சு. கருகின அந்தத் தோசை என் தட்டுக்குத்தான் வந்தது, நியாயம்தான்.

உன் பக்கத்தைத் தொலைத்த,
மேகலை

*

ஹாம்பர்க்,
11 செப்டம்பர் 2025

மேகலை,

உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன்.

தினமுமா? சரியாகக் கேட்டாயா? சத்திரத்தில் டைம் கீப்பராக நிற்கிறவருக்கு எந்த பஸ் எப்போது என்று என் பக்கத்தைப் பார்த்தா தெரியணும்?

அரவிந்தன்

*

ஸ்ரீரங்கம்,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

பக்கம் அழிஞ்சதுக்கு நான்தான் காரணம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நடமாடும் கடிகாரத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அப்பா எழுந்து போய் பீரோவில் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவர் எடுத்துட்டு வந்தார்.

உள்ளே உன் பக்கம். நாலு தாள், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தது. ஓரமெல்லாம் சிவப்பு மை. எந்த பஸ் நேரம் எப்ப மாறினாலும் அடிச்சு எழுதி, தேதியும் போட்டிருக்கார். லால்குடிக்கு மட்டும் ஏழு திருத்தம். கடைசியா போன வாரம்: திருவெள்ளறை 5.40 அடிச்சு 5.25.

நாலாவது தாளில் பஸ்ஸே இல்லை, உன் பேர் மட்டும்தான். அங்கேயும் ஒரு திருத்தம் இருக்கு. 'இறுதியாண்டு' அடிச்சு, 'ஜெர்மனி'.

"சிவப்புல இருக்குற நேரத்தைப் போடு. தப்பான நேரத்தை நம்பி வந்தா ஒருத்தன் வெயில்ல நிப்பான்" என்றார்.

மேகலை

*

ஹாம்பர்க்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மேகலை,

நாலாவது தாளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.

மற்றதை அப்படியே தட்டச்சு செய். ஏற்றுவதற்கு முன் யார் ஃபோல்டரில் நிற்கிறாய் என்று இரண்டு தரம் பார். பூனை வேண்டாம். என் பேருக்குக் கீழே ஒரு வரி சேர்: 'நேரங்களைத் திருத்தியவர்: அழகிரி, டைம் கீப்பர், சத்திரம்.'

அப்பாவைக் கூப்பிடு என்று நீ சொல்லப்போகிறாய். கூப்பிட மாட்டேன். என் குரலைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி எதுவும் மிச்சம் இல்லை. இப்போது தினம் ஒரு தடவை என் பக்கத்தைத் திறக்கிறார். அதை இழக்கிற தைரியம் எனக்கு இல்லை. இது போதும்.

விளையாடாதே.

அன்புடன்,
அரவிந்தன்

*

ஸ்ரீரங்கம்,
20 செப்டம்பர் 2025, மாலை 6.40

அன்புள்ள அண்ணா,

விளையாடிட்டேன்.

நேத்து சாயந்திரம் பக்கத்தை ஏத்தினேன், சரியான ஃபோல்டர்ல, ரெண்டு தரம் பாத்து. எல்லாம் சிவப்பு நேரம், ஒண்ணைத் தவிர. திருவெள்ளறையை மட்டும் 5.40-ஆவே விட்டேன். அடியில் நீ சொன்ன வரி. அதுக்கும் அடியில் நான் ஒரு வரி: 'நேரம் தவறாக இருந்தால் கூப்பிடவும்', அம்மா போனிலிருந்து எடுத்த கேஸ் சிலிண்டர் நம்பர்.

காலைல ஏழு மணிக்கே சத்தம். "மேகலை! திருவெள்ளறை தப்பா இருக்கு!"

"அண்ணன் பாஸ்வேர்டை மாத்திடுச்சுப்பா, நான் தொட முடியாது" என்றேன். (நீ மாத்தல. அதையும் சேர்த்து மன்னி.) "கீழே நம்பர் இருக்கு பாருங்க."

பாத்தார். பஸ் நம்பரெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கிற ஆளு.

"இது நம்ம கேஸ் சிலிண்டர் நம்பராச்சே?"

அடுப்படியில் அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்தது. "மாசம் எட்டு சிலிண்டர் வருது, எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போயிட்டார்.

கூப்பிடல. போச்சு, இந்த விளையாட்டும் கெட்டுதுன்னு நெனச்சேன். யாரும் வெயில்ல நிக்க வேண்டாம்னு எட்டு மணிக்கே 5.25 ஆக்கிட்டேன். இப்ப பக்கத்தில் ஒரு தப்பும் கிடையாது. அப்பாவும் மத்தியானம் திறந்து பாத்தாராம், டூட்டியிலிருந்து வந்ததும் அவரே சொன்னார். சொல்லிட்டு, "ஏம்மா, ஜெர்மனில இப்ப மணி என்ன?" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையா அவர் என்கிட்ட மணி கேட்டார்ண்ணா.

"ரெண்டரைப்பா."

"சாப்பிட்டு முடிச்சிருப்பான்ல?"

மீதிதான் உனக்கே தெரியுமே. "ஹலோ, சத்திரம் டைம் கீப்பர் பேசுறேன்" என்று ஆரம்பிச்சார். "திருவெள்ளறை அஞ்சு இருபத்தஞ்சு. இப்ப சரியா இருக்கு" என்றார். அப்புறம் போனை மத்த காதுக்கு மாத்தினார். நீ ஏதோ பேசியிருப்ப. கடைசியா, "ம்... என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுக்கிட்டே மாடிக்குப் போயிட்டார்.

நாப்பது நிமிஷமாச்சு. இன்னும் இறங்கல. அம்மா அடுப்பை அணைச்சுட்டு மாடிப்படியில் உக்காந்திருக்கு. இங்கேருந்து கேக்குற வரைக்கும், லால்குடி பஸ் ஏழு தரம் ஏன் மாறிச்சுன்னு உனக்குச் சொல்லிக்கிட்டிருக்கார். மூணாவது தரத்துக்குத்தான் வந்திருக்கார்.

அவர் முடிச்சதும் இதைப் படி. அவசரமில்லை.

இப்படிக்கு,
மேகலை