வேகத்துக்கு மாற்றிய ப்ரொப்பல்லர்

செவ்வாய், ஆடி 14

போன வாரம்தான் படகுக்குப் புது ப்ரொப்பல்லர் மாட்டினேன். பழையதைவிட இலைகளின் சாய்வு, அதாவது பிட்ச், அதிகம். அணைக்கரையில் எங்கள் நாகமரைப் படகுத் துறையில் இன்னொரு படகு என்னை முந்துகிறது, ஜனங்கள் அதில்தான் ஏறுகிறார்கள் என்ற ஆத்திரம். மெக்கானிக் அப்போதே சொன்னார்: "தனியா போனா பறக்கும்ங்க. ஆளுங்க ஏறுனா இன்ஜின் திணறும்." தனியாக ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. அதோடு விட்டுவிட்டேன்; இந்த வாரம் ஒன்றிரண்டு பேருக்கு மேல் ஏறவும் இல்லை.

இன்று காலை எங்கள் ஊர் மேரி அக்காவின் வீட்டுக்காரரைச் சோளக்காட்டில் பாம்பு கடித்துவிட்டது. அந்த இன்னொரு படகு அக்கரையில் இருந்தது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக என் படகில் ஆறு பேர் ஏறினோம். எதிர்க்காற்று வேறு. முழு வேகம் கொடுத்தும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தது. அணைத் தண்ணீரின் நடுவில் இரண்டு முறை இன்ஜின் நின்றது. அவர் இமை சரிவதைப் பார்த்தபடியே இன்ஜின் கயிற்றை இழுத்தேன். கால் மணி நேரத்தில் கடக்கிற தண்ணீரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"ஏன் இவ்வளவு லேட்?" என்று டாக்டர் கேட்டார்.

"காத்துங்க சார்" என்றார் அக்கா.

நான் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துத் தள்ளினேன்.

சாயங்காலம் அவர் உயிர் போய்விட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பட்ட பாட்ட நான் பாத்தேன் தம்பி. உன்னால ஆனத செஞ்ச."

அப்போதாவது ப்ரொப்பல்லரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன்.

உடம்பை நாளைக்குத்தான் தருவார்களாம். அவரை இக்கரைக்குக் கொண்டுவர என் படகுதான் வர வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்.