217ஆம் அறைக்கு எழுதிய வரி

மாமா,

இன்று மாலை அப்பா எறிந்த கண்ணாடிக் கிண்ணம் சுவரில் பட்டுச் சிதறியது. ஒரு துண்டு அம்மாவின் காதுக்குப் பின்னால் கிழித்துவிட்டது. இரத்தத்தை அழுத்தி நிறுத்த எதையாவது எடுக்கலாம் என்று அலுமாரிக்குள் கையை விட்டேன். அகப்பட்டது உங்களுடைய வெள்ளைத் துணி. கப்பலில் பரிமாறும்போது இடது கையில் மடித்துப் போட்டிருப்பீர்களே, அதுதான். நீங்கள் செத்த பிறகு உங்கள் உடுப்புப் பெட்டியோடு எங்களிடம் வந்தது. கஞ்சிப் பசையும் கோப்பியும் கலந்த மணம் அதில் இன்னும் இருந்தது. ஒரு நிமிடத்தில் அதுவும் போய்விட்டது.

அம்மா கத்தவில்லை. துணியைக் காதோடு அழுத்திக்கொண்டு, “நாளைக்கு ஆரும் கேட்டால் கதவு இடிச்சது எண்டு சொல்லு பிள்ளை,” என்றார்.

இப்போது குளியலறையைப் பூட்டிக்கொண்டு தரையில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு டேனிஷ் தெரியாது என்பதால் தமிழில் எழுதுகிறேன். சுவருக்கு அப்பால் அப்பா இருமும்போதெல்லாம் என் பேனை நின்றுவிடுகிறது.

கப்பலுக்குப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. வேலை செய்பவர்களின் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் ஓர் அறை கிடைக்கும் என்று சொல்லி, டான்யூப் நதியில் ஒரு வாரம் போக எங்களை அழைத்தீர்கள். எங்கள் ஊர் ஹேர்னிங்கிலிருந்து கப்பல் புறப்படும் பசாவ் துறை வரை அப்பா கார் ஓட்டினார். வழியில் ஒருமுறைதான் அம்மாவை அடித்தார், பாதை மாறியதற்காக.

அந்த வாரம் கரையில் பார்த்த கோட்டைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. நீங்கள் வேலை செய்த விதம் ஞாபகம் இருக்கிறது. முதல் இரவே மேசையில் இருந்த எல்லாருடைய பெயரும் உங்களுக்குப் பாடம். எங்கள் மேசையில் இருந்த, ஓல்போர்க் நகரத்துக் கிழவிக்கு முதுகுவலி என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவருடைய கதிரையில் ஒரு சின்னத் தலையணை இருந்தது. மழையில் நனைந்து திரும்பியவர்களுக்குச் சூடான துவாய்களோடு வாசலில் நின்றீர்கள். பிறகு கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, இரண்டு பேர் படுக்கும் உங்கள் பெட்டி போன்ற அறையில் சப்பாத்தைக் கழற்றி வீங்கின காலை எனக்குக் காட்டி, “மேலை சிரிக்கிறது நான், கீழை அழுறது இது,” என்றீர்கள்.

நீங்கள் ஒரு முகத்தைப் பார்ப்பது அந்த ஆளுக்கு என்ன தேவை என்று அறிவதற்காக. நான் முகம் பார்ப்பது அடி எப்போது விழும் என்று அறிவதற்காக. இரண்டுக்கும் ஒரே கண்தான் வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் அப்பா கிளாசைத் தட்டி உங்களைக் கூப்பிட்டார். “இண்டைக்கு நான் துரை, நீ வேலைக்காரன். ஊத்து மச்சான்.”

நீங்கள் குனிந்து வைனை ஊற்றினீர்கள். “ஓம் அத்தான். ஆனால் துரைமார் முதலிலை நாப்கினை மடியிலை விரிப்பினம்.”

அம்மா சிரித்துவிட்டார். தமிழ் விளங்காத ஓல்போர்க் கிழவியும் சேர்ந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மேசைக்குக் கீழே அவருடைய கை அம்மாவின் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

அறைக்கு வந்ததும், “உன்ரை தம்பிக்கு நான் பகிடியோ?” என்று கேட்டு அடித்தார். பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்று அம்மாவின் முகத்தைத் தலையணையில் அழுத்தினார். நான் மடக்குக் கட்டிலில் கிடந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணவில்லை.

காலையில் எங்கள் அறையைத் துப்புரவாக்க வந்தவர் இலோனா. தலையணை உறையைப் பார்த்தார். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இலோனா போய், நடைபாதை அலுமாரியில் தொங்கிய குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எரியாத விளக்கு, ஒழுகும் குழாய், உடைந்த கிளாஸ் எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். முதல் நாள் நீங்களே எனக்கு அதைக் காட்டி, “ஏன் நடந்தது எண்டு எழுதிறேல்லை. எங்கை, எப்ப, என்ன கண்டது, கண்டது ஆர். அவ்வளவுதான். கண்ட ஆள் எழுதாட்டில் வேலை போயிடும்,” என்று சொல்லியிருந்தீர்கள். அதற்கு முந்தின வருடம் அப்படி எழுதின ஒரு வரியால் அடுத்த துறையில் பொலிஸ் வந்து நின்றதையும், ஒரு மனுசியைப் புருசனிடமிருந்து பிரித்து இறக்கியதையும் சொன்னீர்கள்.

இலோனா எழுதின வரியை நானும் வாசித்தேன். 217. காலை ஒன்பது. தலையணையில் இரத்தம். பெண்ணின் முகத்தில் காயம். கீழே அவருடைய பெயர்.

நீங்கள் வந்து அதைப் பார்த்தீர்கள். இலோனாவிடம் மெதுவாக ஏதோ கதைத்தீர்கள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். நீங்கள் கும்பிட்டீர்கள், மாமா. கப்பலில் வேறு எவரையும் நீங்கள் கும்பிட்டு நான் பார்க்கவில்லை. பிறகு பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினீர்கள். “என்ரை அக்கா. நான் பாக்கிறன்,” என்று என்னிடம் சொன்னீர்கள்.

நீங்கள் பார்த்த விதம் எனக்குத் தெரியும். நான் மேல்தளப் படியில் இருந்தேன். “அத்தான், இனி அக்காவிலை கை வைக்காதேங்கோ,” என்றீர்கள். அப்பா உங்கள் வாயில் குத்தினார். கோப்பிச் சாடி உங்கள் கையிலிருந்து விழுந்து உருண்டது. இரண்டாவது குத்து மூக்கில். உங்கள் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பயணியில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். மூன்றாவது குத்துக்கு முழங்காலில் விழுந்தீர்கள். அப்போதும் கைகள் பின்னால்தான் இருந்தன.

கால் மணி நேரத்தில் உதட்டில் பிளாஸ்டரோடு எங்கள் மேசைக்கு வந்தீர்கள். “பால் விடவோ, அத்தான்?” என்று கேட்டீர்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று கிழவி பதறினார்.

“கதவு இடிச்சது,” என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள்.

ஹேர்னிங்கில் தொழிற்சாலைக்குப் போகும்போது அம்மா சொல்லும் அதே கதவு.

கடைசி நாள் கிழவி உங்கள் கையைப் பிடித்து, இவ்வளவு நிம்மதியான வாரம் தன் வாழ்க்கையில் இருந்ததில்லை என்றார். அவருக்கு அது உண்மைதான். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு அப்படி ஒரு வாரத்தைச் செய்து கொடுத்தீர்கள்.

போன மாரிக் குளிரில் போனில் கதைத்தீர்கள். “அந்த வரியை நான் வெட்டியிருக்கக்கூடாது பிள்ளை. வேறை ஆக்களெண்டால் விட்டிருப்பன். சொந்த அக்கா எண்டுதான் வெட்டினன்.” நான் போனை வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு, பனி உறைந்த ஏறுபாலத்தில் சறுக்கி, கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் இடையில் விழுந்து நசிந்து போனீர்கள். சவப்பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொன்னார்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இவ்வளவு நாளும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வரி இருந்திருந்தால் அம்மா அடுத்த துறையில் இறங்கியிருப்பார். ஆனால் அந்தக் கப்பலில் உங்களைத் தவிர எனக்காக ஒருவரும் சொக்லேட் பாலில் ஆடை எடுத்துத் தரவில்லை. இரண்டும் உண்மை.

இந்தக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து டேனிஷில் எழுதிவிட்டேன். வீடு. புதன்கிழமை, மாலை ஏழு. அம்மாவின் இடது காதுக்குப் பின்னால் வெட்டு, என் தோளில் கன்றிய நீலம். ஏன் என்று எழுதவில்லை. கீழே என் பெயர்.

காலை எட்டு மணிக்கு வகுப்பு ஆசிரியையிடம் கொடுக்கவேண்டும். கண்டதை மேலே அறிவிக்காமல் இருக்க அவரையும் சட்டம் விடாது. அம்மா இந்தத் தாளைக் கண்டால் வெட்டச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்பார், உங்களைப் போல. அதற்குத்தான் அப்பாவின் அடியைவிடப் பயமாக இருக்கிறது.

தாளை, அம்மா இங்கே கழுவப் போட்ட உங்கள் துணிக்குள் வைத்து மடித்துப் பள்ளிப் பையின் அடியில் வைத்துவிட்டேன். இரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை. பேனையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன், வழியில் அந்த வரிகளை வெட்ட மனம் வந்தாலும் முடியாதபடி.