சுறா எண்ணெய் குடித்த கியர்பெட்டி

ஜனவரி 9, 1956, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. உதியன்குளங்கரை ஜங்ஷனில் எல்லைப் போராட்டத்தால் பாதிக் கடை அடைப்பு. ஒர்க்‌ஷாப்பில் வேலை இல்லை. ஓடாத பஸ்ஸுக்கு என்ன ரிப்பேர்.

பிக்கப்பைக் கழுவினேன். மலை எஸ்டேட் துரை கப்பலேறும் முன் விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. கிளச் கிடையாது, கியர் தானாக மாறும். வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரே கேள்வி, அது எப்படித் தானே மாறும் என்று. எனக்கும் தெரியாது. தெரியும் என்று ஊர் நினைப்பது தொழிலுக்கு நல்லது. இன்றும் இடது கால் பழக்கத்தில் இல்லாத கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்தது. நெற்றி கண்ணாடியில். வீக்கம்.

மதியம் காரோட்டிலிருந்து அக்கா. நடந்தே வந்திருக்கிறாள். எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன அத்தான், கிறிஸ்துமசுக்கு முன்பிருந்தே நெய்யாற்றின்கரை சப்-ஜெயிலில். அக்கா அழவில்லை. வயலைப் பற்றித்தான் பேச்சு.

"குளத்தில தண்ணி உண்டு மக்கா. மேல ஏத்தத்தான் ஆளில்ல. கதிரு வாற நேரமாக்கும். இந்த வாரம் நனையல்லன்னா வெறும் வைக்கோலுதான்."

ஜெயிலிலிருந்து அத்தான் கேட்டு விட்டதும் அது ஒன்றுதானாம், வயல் எப்படி இருக்கிறது என்று. தன் கால் எப்படி இருக்கிறது என்று சொல்லி விடவில்லை. ஊர்வலத்தில் போலீஸ் அடி பட்டது காலில்.

ஜனவரி 10, செவ்வாய்

அதியன்னூர் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் பம்பு எஞ்சின் உண்டு. இரும்புச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் நிற்கிறது, நல்ல கனம். அதை இழுக்கும் காளைகளுக்குக் கோமாரி, எழும்பவே இல்லை. லாரிக்காரர்கள் கல்லெறிக்குப் பயந்து வரமாட்டார்கள்.

பிள்ளை முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஒன் அத்தான் எதுக்காக உள்ள கெடக்கானோ, அது எனக்கும் வேணும். ஊர்வலம் போகத் தைரியம் இல்ல. எஞ்சினு உண்டு. கெட்டி இழுத்துட்டுப் போ."

மனுஷன் நேர்மையாகப் பேசினார். பிடித்தது.

வீட்டுக்கு வந்து கியர் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். கீழே தரையில் சிவப்புச் சொட்டு. எங்கோ ஒழுகுகிறது. இந்தச் சிவப்பு எண்ணெய் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். எப்போது வரும்? வழி திறக்கும்போது. வழி எப்போது திறக்கும்? டெல்லியைக் கேட்க வேண்டும்.

ஜனவரி 11, புதன்

வெயில். காற்று இல்லை. என்ஜின் ஆயில் ஊற்றலாமா என்று யோசித்தேன். ரொம்பக் கெட்டி.

காரோட்டுக் கடற்கரை சைமன் வந்தான். படகு இல்லாத நாளில் எனக்கு உதவிக்கு வருகிறவன். வண்டியைக் கொண்டுவந்து விட்ட எஸ்டேட் டிரைவர் அன்று சொன்னதை அவனிடம் சொன்னேன்: இந்த எண்ணெயில் திமிங்கலக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம்.

சைமன் குதித்து எழுந்தான். "இதயா இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தீரு? சுறா எண்ணெ வீட்டுல நெறைய உண்டு. அதுவும் கடலு, இதுவும் கடலு."

அறிவுள்ளவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். நான் பாத்திரம் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

ஜனவரி 12, வியாழன்

பழைய வேட்டியில் இரண்டு முறை வடிகட்டி ஊற்றியாயிற்று. குச்சியில் அளவு சரி. ஜங்ஷன் வரை ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி மாறுகிறது. சைமனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்றம் மட்டும் தாங்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் ஊர்ப் பூனை எல்லாம்.

நாளைக்கு வேண்டியவை: வடக்கயிறு. இரும்புச் சங்கிலி. சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கல். தண்ணீர். பிரார்த்தனை.

ஜனவரி 13, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதக் கை வரவில்லை. தோள்பட்டை வலி.

விடிந்ததும் அதியன்னூரில் எஞ்சினைப் பின்னால் கட்டினோம். சமதரையில் நன்றாக இழுத்தது. கை கியர் லாரி என்றால் ஒவ்வொரு தடவையும் குலுங்கும். இது குலுங்காமல் போனது. வண்டியைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

பாறசாலை வழியில் போலீஸ் நிறுத்தியது. கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தாடோ, மீனாணோ?" என்றார். எஞ்சின் என்றேன். அவர் நம்பவில்லை. எஞ்சின் மேல் போர்த்தியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேகம் போ" என்று கையை வீசினார். அவருக்கும் பூனைகள் கூடிவிடும் என்ற பயம் போல.

காரோடு ஏற்றத்தில்தான் கைவிட்டது. பாதி ஏறியதும் பிக்கப்பின் எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நகரவில்லை. கியர் பிடிக்காமல் வழுக்குகிறது. மீன் வறுத்த புகை. பாரம் மெல்லப் பின்னால் இழுக்கத் தொடங்கியது. சைமன் கல்லை உருட்டி அடை வைத்தான். இல்லையென்றால் வண்டியும் நானும் பம்பு எஞ்சினும் கீழே தோட்டுத் தண்ணீருக்குள்.

மேட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பைத்தியக்காரத்தனத்தால் அத்தான் வயலைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பயம்.

முன் கியர் எதைப் போட்டாலும் வழுக்கல். வெறுமனே பின் கியரைத் தட்டிப் பார்த்தேன். கடித்துப் பிடித்தது! மலை லாரி ஓட்டிய நாளில் செங்குத்தான ஏற்றத்தைப் பின்பக்கமாக ஏறியது உண்டு. கயிற்றை அவிழ்த்து, வண்டியைத் தள்ளித் திருப்பி, எஞ்சினை முன் பம்பரில் கட்டினோம். நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, எஞ்சின் என் மூக்குக்கு எதிரே தொடர்ந்து வர, ஏறினோம். மேட்டில் நின்ற ஜனங்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அத்தான் உள்ளே போன பிறகு இப்போதுதான்.

ஜனவரி 15, ஞாயிறு

கோயிலில் பக்கத்து வரிசை காலி. சட்டையை எத்தனை தரம் துவைத்தாலும் சுறா போகவில்லை.

பம்பு ஓடுகிறது. நேற்று முழுக்க, இன்றும். ஆராதனை முடிந்து நேரே வயலுக்குப் போனேன். வரப்பில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயலில் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது.

"இனி அவருக்குச் சொல்லி விடலாம்லே," என்றாள். "என்ன சொல்ல?" "தண்ணி நிக்குதுண்ணு. வேற என்ன?"

பிக்கப் முன்னால் போவதே இல்லை. பின் கியர் மட்டும். வீட்டுக்கு அப்படியே வந்தேன், பின்பக்கமாக. கழுத்து பிடித்துக்கொண்டது. நல்லவேளை, கிளம்பும்போதே அக்கா தைலம் தந்து விட்டிருந்தாள்.

பிப்ரவரி 18, சனி

தெளிந்த வானம். அத்தானை விட்டுவிட்டார்கள். மதிய பஸ்ஸில் வந்து ஜங்ஷனில் இறங்கினார். கம்பு ஊன்றி. பாதி ஆளாக. தாடி. பேச்சில் மட்டும் குறைவில்லை.

"எலே தாசு, தாலுகா எந்தப் பக்கம் ஆச்சு?"

"அந்தப் பக்கம்தான் அத்தான். கேரளத்தோட."

கம்பால் மண்ணைக் கீறினார். "வயலு?" என்றார்.

"வந்து பாருங்க."

காரோடு வரை அவரால் நடக்க முடியாது. பஸ்ஸும் அங்கே போகாது. மெட்ராஸ் எண்ணெய் இன்னும் வரவில்லை. வேறு வழி இல்லாமல் வண்டியைக் காட்டினேன், நிலைமையைச் சொன்னேன். நாற்றத்தையும் சொன்னேன். ஜெயிலைவிட நல்ல நாற்றமாக்கும் என்றார். பின் தட்டில் சாக்கு விரித்து, வெளியே பார்த்து உட்காரவைத்தேன். பின்பக்கமாகவே கிளம்பினோம். அதனால் வழியை முதலில் பார்க்கிறவர் அவர், நான் அவர் முதுகைப் பார்த்து ஓட்டுகிறேன்.

"எடப்பக்கமா ஒடி! மாடு! நேரே வா!" ஜெயிலில் சேர்த்துவைத்த அதிகாரம் முழுக்க என் மேல்.

ஏற்றம் தாண்டியது. பார்த்தால் அத்தான் கம்பை விட்டுவிட்டு, தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முட்டுக்காலில் நிற்கிறார்.

"எலே நிறுத்து. கதிரு சாஞ்சு கெடக்குதுலே. நெறஞ்ச கதிரு."

என் இடது கால் இல்லாத கிளச்சை ஓங்கி மிதித்தது. வண்டி நின்றது.