மிருதங்கம் சுருதி சேரும் வரை

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, கூடவே என் கோபத்தையும் தாங்கிக்கொண்ட மச்சானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். தல்லாகுளம் வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறாள், நானும் வற்புறுத்தவில்லை. தெருவில் மறுபடியும் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டர் அப்படியே நிற்கிறது.

பேப்பரில் உங்கள் மறைவைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி வந்தது. இசையமைப்பாளர் என்று போட்டிருந்ததால் எந்தப் படம் என்று நாலு பேர் என்னிடம் கேட்டார்கள். படமெல்லாம் இல்லை, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவர், விடிகாலையில் எழுந்து அதே ஸ்கேலால் ஐந்தைந்து கோடு இழுத்து வயலினுக்கும் செல்லோவுக்கும் மேற்கத்திய முறையில் இசை எழுதியவர் என்றேன். முப்பது வருடத்தில் பதினோரு படைப்புகள், மேடை ஏறியது நாலுதான் என்றும் சொன்னேன். "அம்புட்டுத்தானா?" என்றார் ஒருவர். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் ஒரு காலத்தில் நானே உங்களிடம் கேட்ட கேள்விதானே அது?

அந்த நாலிலும் ஒன்று பாதிதான் கேட்கப்பட்டது. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சோழவந்தானில் உங்கள் அப்பா வைத்திருந்த வெற்றிலைத் தோட்டத்தை நினைத்து 'கொடிக்கால்' எழுதினீர்கள். இரண்டு வயலின், ஒரு செல்லோ, என் மிருதங்கம். உங்கள் ஐந்து கோட்டு எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என் பங்கை மட்டும் தமிழில், தனித்தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். பாதி வரை எனக்கு வேலையே இல்லை. அதன்பிறகு முதல் வரி: 'இங்கே மிருதங்கம் சுருதி சேர்க்கவும். அவசரம் வேண்டாம்.'

உங்கள் வீட்டு மாடியில் ஒத்திகை. எல்லோரும் பார்க்க நான் எழுந்துவிட்டேன்.

"மச்சான், நான் என்ன சுருதி சேக்காமலா வந்துருக்கேன்?"

"இல்ல மாப்ள, அதுவும் பாட்டுல சேர்ந்ததுதான்."

"அத்தன பேரு முன்னாடி மிருதங்க விளிம்பக் கல்ல வச்சுத் தட்டிச் சுருதி சேத்துக்கிட்டு உக்காந்தா, வேலை தெரியாத பய வந்துருக்கான்னுதான் நெனப்பாங்க. வேற ஆளப் பாருங்க."

மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்கள் வேறு ஆள் பார்க்கவில்லை. கச்சேரியன்று என் இடம் வந்ததும் மூன்று பேரும் வாசிப்பை நிறுத்தி, எழுந்து கும்பிட்டு, அதோடு முடித்துவிட்டார்களாம். "ஒனக்கு விரிச்ச ஜமுக்காளம் காலியாவே கெடந்துச்சுடா" என்றாள் அக்கா. கிடக்கட்டும் என்றேன்.

அப்புறம் ஆறு வருடம். கல்யாண வீட்டுப் பந்திகளில் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பாடு எப்படி மாப்ள?" என்று நீங்கள்தான் பேச்சைத் தொடங்குவீர்கள். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான் பேசினோம், மச்சான்.

போன மாதம் அக்கா பீரோவை ஒழுங்குசெய்யும்போது 'கொடிக்கால்' முழுப் பிரதியை எடுத்துத் தந்தாள். நான் அதை உங்கள் குழுவில் முதல் வயலின் வாசிக்கிற ஜெஸியிடம் கொண்டுபோனேன். என் இடத்தில் மற்றவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதன்முதலாகக் கேட்டேன். அவர் வாசித்துக் காட்டினார்: 'மூவரும் நிறுத்தவும். மிருதங்கம் சேர்ந்து முடியும் வரை காத்திருக்கவும். பிறகு அதன் சுருதிக்குத் தங்கள் தந்திகளைச் சேர்த்துக்கொள்ளவும்.'

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். யார் பாட வந்தாலும், என்ன சுருதியில் வந்தாலும், அவர்களுக்கு ஏற்ப என் மிருதங்கத்தைச் சேர்ப்பதே இத்தனை வருடமும் என் வேலை. எனக்காக ஒருவரும் ஒரு தந்தியைக்கூடத் திருகியதில்லை. நீங்கள் மூன்று பேரைத் திருக வைத்திருக்கிறீர்கள். நான் என் தாளை மட்டும் பார்த்துவிட்டுக் கத்திவிட்டுப் போயிருக்கிறேன். ஏன் மச்சான் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பேனா?

அக்காவிடம் சொன்னதற்குச் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ உள் ரூம்ல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்த. மனுசன் காபிய ஆற விட்டுட்டு அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாக்க வந்துட்டு உன்னையக் கேட்டுட்டுப் போனாருடா." சிரித்தவள் அழுதும்விட்டாள். நானும்தான்.

மறுநாளே ஒத்திகை தொடங்கிவிட்டோம். அதே மாடி, கீழே அதே பஸ் ஹாரன். முதல் நாள் கல் தவறி விரலில் பட்டுவிட்டது. "மெதுவா பண்ணுங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார் ஜெஸி. தட்டித் தட்டி ஒருவழியாகச் சேர்ந்தபோது, செல்லோ வந்து என் சுருதியில் ஒட்டியது. பின்னால் வயலின்கள். அதன்பிறகு வருகிற இசையை இதுவரை யாருமே கேட்டதில்லை. நீங்களும் காதால் கேட்கவில்லை. எழுதி வைத்ததோடு சரி. இதை நினைத்தால்தான் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் 'கொடிக்கால்' முழுதாக நடக்கிறது. அக்காவுக்கு முன்வரிசையில் இடம் போட்டாகிவிட்டது. சுருதி சேர்க்காத மிருதங்கத்தை நான் ஒரு நாளும் மேடைக்குக் கொண்டுபோனவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கொண்டுபோவேன். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, கல்லை எடுத்து, அவசரப்படாமல் சேர்ப்பேன், மச்சான்.

நீங்கள் வேறு ஆள் பார்க்காத,
உங்கள் மாப்ள