மருந்து ரூமில் பத்துக் கிலோ

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. என் பச்சைப் பாவாடை எதிர்வீட்டு முருங்கையில். எடுத்துத் தரச் சொல்லவும் கூச்சம்.

செய்ய:
கேஸ் சிலிண்டர் பதிய.
அக்காவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, இரண்டு.
ஆபீஸில் ஜூலை 3 லீவு சொல்ல.
புரோட்டீன் பவுடர். இன்றாவது முடிவு.

அக்கா என்றால் பேச்சியம்மாள் அக்கா. இவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. (யாருக்கு விளக்குகிறேன் இதை?) மார்பில் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம். பண்ணைப்புரத்திலிருந்து தேனிக்கு அலைய அந்த உடம்பில் தெம்பில்லை. சின்னமனூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டில், வாசலில் பஸ். மகன் திருப்பூரில். ஞாயிறுதோறும் போன் செய்து அழுகிறான். அவனைத் தேற்றுவதும் என் கணக்கில்.

கீமோ ஊசி மூன்று முடிந்தது. நாலாவது ஜூலை 3. போன தடவை எடை 38.4. டாக்டரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. "நாப்பதைத் தொடணும்மா. தொடலேன்னா ஊசி தள்ளிப் போகும். தள்ளிப் போறது நல்லதுக்கில்ல."

சோறு இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் குமட்டல். பவுடர் மட்டும் இறங்குகிறது. சின்ன டப்பா வாங்கி வாங்கி மாளவில்லை.

ஆபீஸில் சரளா யோசனை சொன்னாள். மதுரையில் மொத்தமாகக் கிடைக்குமாம், பத்துக் கிலோ மூட்டை. "நாலு பேரும் பிரிச்சுக்குவோம் வசந்தா. நமக்கும் எலும்பெல்லாம் நொறுங்குது." டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். அதே சரக்குதான், தரலாம் என்றார். சரி என்று விட்டேன். யோசிக்கத் தெம்பில்லை.

ஜூன் 12, வியாழன்

சாரல் இறங்கிவிட்டது. மூட்டையும்.

வந்த பிறகுதான் எல்லாருக்கும் ஞானம் வந்தது. சரளாவுக்குச் சர்க்கரை, பவுடரில் இனிப்பு இருக்கிறதாம். ஜோதி வீட்டில் மாமியார் வேண்டாம் என்றாராம். மூன்றாமவள் போனையே எடுக்கவில்லை. பத்துக் கிலோவும் என் தலையில்.

மூட்டை மேல் ஒட்டியிருந்ததைப் படித்தேன். குளிர்ந்த, உலர்ந்த இடம். வெயில் படக்கூடாது. ஈரக் கரண்டி கூடாது. உறையைப் பிரித்தால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். அக்கா ஒருத்திக்குப் பத்துக் கிலோ தீர ஐந்து மாதம் ஆகும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

அடுக்களை தகரக் கூரை, மதியம் அடுப்பே வேண்டாம். பிரிட்ஜில் மாவு, பால், அக்காவின் ஊசி மருந்து. எலுமிச்சம்பழம் வைக்க இடமில்லை. பரணில் எலி. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. போகிற போக்கில் இவரிடம் சொன்னேன், "ஏங்க, அக்கா மருந்து மூட்டைய மழைத்தண்ணி படாத எடமாப் பாத்து வைங்க. டப்பாவுல கொஞ்சம் கொட்டி அடுப்படியில வச்சிருங்க."

"சரி சரி, நீ போ" என்றார். இந்த மனிதர் ஒரு வேலையை உடனே ஒத்துக்கொண்டதே அதிசயம்.

ஜூன் 15, ஞாயிறு

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் இரண்டு கரண்டி, வெதுவெதுப்பான பாலில். மதியத்துக்கு பிளாஸ்கில் கலந்து வைத்துவிட்டு ஆபீஸ் போகிறேன். அக்கா டம்ளரைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்க்கிறாள். பிறகு ஒரே மூச்சில் குடிக்கிறாள். குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.

"நல்லாருக்காக்கா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? நான் தலை துவட்டி விடுகிறேன் (துவட்ட முடி இல்லை, ஆனாலும்), அவள் சுவரைப் பார்க்கிறாள்.

அன்றைக்கு அவள் தெருவில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. பெரிய மச்சான், அக்காவின் புருஷன், எங்கள் வீட்டில் அடிக்கடி சாப்பிட்டார், கிணற்றுப் பாகத்தில் எங்கள் பக்கம் பேசினார். அதற்கு இவள், "எம் புருசனுக்குச் சோத்துல மருந்து வச்சு மடக்கிட்டா சிறுக்கி." பால்காரர், டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு. நான் வைத்தது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மச்சான் செத்தபோதுகூட வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அவளுக்குப் பால் ஆற்றுகிறேன். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. எடுத்துப் பார்க்க நேரம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மழை. கால் வலி. டப்பா தீர்ந்தது, இவர் மறுபடி நிரப்பி வைத்தார். கேட்காமலே! கேஸ் வரவில்லை.

மருந்துக் கடைத் தராசில் அக்கா: 39.1. "ஏறுது மதினி, ஏறுது" என்று இவருக்கு ஒரே சந்தோஷம். அக்கா சிரிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

எழுதினால் தெளியும் என்று எழுதுகிறேன்.

ஆபீஸில் கரண்ட் இல்லை, இரண்டு மணிக்கே வந்துவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து வந்த புது தார்ப்பாயைத் தேடி மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மருந்து ரூமைத் திறந்தேன். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. திராட்சைக்கு அடிக்கிற மருந்தெல்லாம் இவர் அங்கேதான் வைப்பார்.

மேல் தட்டில் கேன்கள். கீழே கந்தகத் தூள் பை. நடுவில், சுத்தமாக, சாக்குக் கயிற்றால் வாய் கட்டி, அக்காவின் மூட்டை. அதன் மேல் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் கப். உள்பக்கம் வெள்ளைத் தூள் ஒட்டி.

தோட்டத்துக்குப் போன் போட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"நீதான மருந்துன்னு சொன்ன? மருந்து ரூம்லதான் ஒழுகாது. பூட்டும் இருக்கு. அங்கன வைக்காம வேற எங்கன வைக்க?"

"அந்தக் கப்பு?"

"உள்ள கெடந்த கரண்டி மாவுக்குள்ள முங்கிருச்சு. கப்ப நல்லாக் கழுவித்தான வச்சிருந்தேன்..."

எங்கள் வீட்டில் எல்லாமே மருந்துதான். பூச்சிக்கு அடிப்பது மருந்து, அக்கா விழுங்குவது மருந்து, திராட்சைக் குலை பெருக்க முக்கி எடுப்பதும் மருந்து. பவுடர் என்றோ சத்து மாவு என்றோ ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். என் கையால்.

எனக்குத்தான் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இவருக்கு அந்த நெடியிலேயே வாழ்க்கை. ஆனால் அக்காவுக்கு மூக்கு இருக்கிறதே? ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, பவுடர்ல வாடை வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன வாடை?"

"மருந்து வாடை."

"ஏன்க்கா சொல்லல?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

முதல் பஸ். டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன், கேன்களின் பெயர் எழுதிய சீட்டோடு. தலையில் அடித்துக்கொண்டார். கண்ணைப் பார்த்தார், நாடி, ரத்தம், சிறுநீர். ரிசல்ட் நாளை.

"சாப்பிடுற பொருளையும் பூச்சி மருந்தையும் ஒரே ரூம்ல யாராவது வைப்பாங்களா? படிச்சவங்கதானே?" பி.காம். என்று சொல்ல வாய் வந்தது, மூடிக்கொண்டேன்.

இவர் கூடவே வந்தார். டீ கூடக் குடிக்கவில்லை. "மதினிக்கு ஒண்ணுன்னா நான் எப்படி முழிப்பேன்" என்று தூணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திட்டலாம் என்றுதான் பக்கத்தில் போனேன். முடியவில்லை. சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார்.

ஜூன் 28, சனி

ஒன்றுமில்லை. ரத்தம் சுத்தம். "உங்க நல்ல நேரம்" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நர்ஸ் பயந்துபோய், "யாரும்மா தவறிட்டாக?" என்றாள். யாரும் தவறவில்லை என்று சொல்லி இன்னும் அழுதேன்.

மீதி மூட்டையை வாய்க்காலிலோ மாட்டுத் தொட்டியிலோ கொட்டக்கூடாது என்றேன். இவர் தோட்டத்து மூலையில், கிணற்றை விட்டுத் தள்ளி, ஆழக் குழி வெட்டி மூடினார். மருந்து ரூமுக்குப் புதுப் பூட்டு. சாவி என்னிடம்.

பவுடர் இனி சின்ன டப்பா. படுக்கை அறை அலமாரியில், ஒட்டிய சீட்டோடு, காய்ந்த கரண்டியோடு. பிரித்த தேதி மூடியில்.

ஜூலை 3, வியாழன்

40.1.

இரண்டு தடவை ஏறச் சொன்னேன். சேலைக் கனம் இல்லையே, நைட்டிதானே என்று நர்ஸ் சிரித்தாள். ஊசி ஏற்றினார்கள், மூன்று மணி நேரம். இவர் கேன்டீனில். நான் பாட்டிலில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு.

பாதி இறங்கியதும் அக்கா தானாகப் பேசினாள். ஏழு வாரமாக, இல்லை, பத்து வாரமாக இல்லாத பேச்சு.

"ஏத்தா வசந்தா. அன்னைக்கு ஏன் சொல்லலன்னு கேட்டேல்ல."

"சொல்லுங்கக்கா."

"மொத நாளே நாத்தம் தெரிஞ்சிருச்சு. தோட்டக்காரன் பொண்டாட்டிக்கு அந்த நாத்தம் தெரியாதா? சரி, இவ நெசமாவே மருந்து வைக்கிறா போலன்னு நெனைச்சேன். தெருவுல நின்னு அந்தப் பேச்சுப் பேசுனவளுக்கு வைக்காம யாருக்கு வைப்பான்னு."

"அப்புறம் எதுக்குக் குடிச்சீக?"

"அலுத்துப் போச்சுத்தா. ஊசியும் வாந்தியும். நீ பாவம், ஆத்தி ஆத்திக் குடுக்குற. சரி, வச்சா வச்சுட்டுப் போறான்னு குடிச்சேன்."

நாற்பத்திரண்டு டம்ளர் இருக்கும். ஒவ்வொன்றையும் நான் கொல்லத் தருகிறேன் என்று நினைத்தே வாங்கியிருக்கிறாள்.

அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும். அவள் கையில் ஊசி இருந்ததால் இரண்டும் இல்லை. போர்வையைக் காலுக்கு இழுத்து விட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

காற்று குறைவு. இரவெல்லாம் அக்காவுக்கு வாந்தி, விடிந்ததும் தெளிவு. ஆபீசுக்கு அரை நாள் லீவு.

புது டப்பா பிரித்து மூடியில் தேதி எழுதினேன். பாலில் இரண்டு கரண்டி. நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ மொதல்ல ஒரு வாய் குடி."

விளையாட்டா நிஜமா தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன், அவள் டம்ளரைத்தான் பார்த்தாள். எச்சில் படக்கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். கழுத்தெல்லாம் வழிந்தது. வாடை தெரியவில்லை, நாக்கில் மட்டும் திக்கான இனிப்பு, சுண்ணாம்பு மாதிரி ஒட்டல். இதையா மூன்று வேளையும் இறக்கினாள்?

"இன்னொரு வாய்" என்றாள்.

குடித்தேன். மீதியை அவள் வாங்கிக்கொண்டாள்.