மங்கலத்தை மிதிப்பது யார்?

ஜூன் 3, திங்கள்

இன்றும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தேன். இடுப்பு மரக்கட்டை. பல் தேய்த்து, பால் காய்ச்சி, கொஞ்ச நேரம் நடமாடிய பிறகுதான் நிமிர முடிகிறது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து குப்புறப் படுக்கிறார்கள். கால் முதலில் வந்து பிறந்தவள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடுமாம். அப்படிப்பட்டவளுக்கே பிடித்துக்கொண்டால்? என் காலால் என் முதுகை நான் எப்படி மிதிப்பது?

ஜூன் 5

கம்பியைப் பிடித்து எழும்போது எதிர்வீட்டு மங்கலம் கண்ணில் பட்டாள். வாசலில் கோலம் போடுகிறாள். குனிந்து! மாதம் தவறாமல் "யக்கா, புடிச்சிக்கிச்சு" என்று வந்து மிதி வாங்கிக்கொண்டு போகிறவள். மாசிக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தாள். இவள் எப்படிக் குனிகிறாள்?

ஜூன் 8, சனி

மங்கலம் நல்ல புடவை கட்டிக்கொண்டு திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். எங்கே என்று கேட்டேன். "சிதம்பரம் வரைக்கும்க்கா, ஒரு வேலையா." என்ன வேலை என்று சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூன் 9

புரிந்துவிட்டது. அவளுக்கு வேறு கால் கிடைத்துவிட்டது. சிதம்பரத்தில் எவளோ ஒருத்தி, என்னைப் போலவே கால் மாறிப் பிறந்தவள்.

அவரிடம் சொன்னேன். "ஏன் எழிலு, இது என்னா ரேஷன் கடையா? கார்டு இங்கதான் இருக்கு, இங்கதான் வரணும்னு சொல்ல?" என்கிறார். அவருக்கு எல்லாமே கேலி. நான் பிறந்தபோது அம்மா பிழைத்ததே பெரும்பாடாம். "கால நீட்டிக்கிட்டு வந்தவ" என்று அத்தைமார் கரித்துக்கொட்டிய கால் இது. இதைத் தேடி நாலு பேர் வரத் தொடங்கிய பிறகுதான் என்னை ஒரு மனுஷியாக மதித்தார்கள். அதை இன்னொருத்தி தட்டிக்கொண்டு போவதா?

ஜூன் 12

குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பள்ளி ஆபீசில் நாற்காலியை விட்டு எழும்போது மேசையைப் பிடித்தேன். பியூன் அன்பரசு பார்த்தானோ? அவன் மாமியார் வீடு எங்கள் தெருதான்.

ஜூன் 15, சனி

கடலூரில் வைத்தியம் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நானும் சிதம்பரம் பஸ் ஏறினேன். தெற்கு வீதி பக்கம் ஒரு பிசியோதெரபி. சுவேதா என்று ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. காலைத் தூக்கச் சொன்னாள், முதுகில் அங்கங்கே அழுத்தினாள், கால் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"ராத்திரி பூரா அசையாம கெடந்து இறுகிடுதும்மா. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, படுத்தபடியே ஒவ்வொரு முழங்காலா நெஞ்சுகிட்ட இழுங்க. அப்புறம் ரெண்டையும் மடக்கி இப்படியும் அப்படியும் மெதுவா சாயுங்க. வலி ஜாஸ்தியானா நிறுத்திடுங்க."

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் படித்தாள்? ஏதோ மறைக்கிறாள். பெரிதாக ஏதாவது இருக்குமோ?

ஜூன் 19

செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்று வேலை. அவர் கதவைத் தட்டி "உள்ள என்னா பண்ற?" என்றார். சும்மா என்றேன்.

ஜூன் 25

இன்று எழுந்தபோது கம்பியைப் பிடித்த ஞாபகம் இல்லை. ராத்திரி மழை பெய்ததே, அதனால் இருக்கும்.

ஜூன் 29, சனி

கிளினிக்குக்குள் நுழைகிறேன். பாயில் மல்லாந்து, முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு — மங்கலம்!

"இங்க என்னாடி பண்ற?"

"நீ என்னாக்கா பண்ற?"

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். புதுச்சத்திரம் தாண்டியதும் அவளே சொன்னாள். "நீ மிதிக்கற அன்னிக்கு நல்லாத்தான்க்கா இருக்கும். மறுநா காலைல பழையபடி புடிச்சிக்கும். மாசியிலேர்ந்து இங்க வரேன்."

"அப்புறம் எதுக்குடி வைகாசியில வந்து படுத்த?"

"ஒரேயடியா வராமப் போனா நீ மனசு ஒடஞ்சிடுவியே."

ஜூன் 30

தூக்கமில்லை. பாவம் பாத்து படுத்திருக்கா! அப்போ மத்தவங்க? பட்டம்மாள்? ஆட்டோக்கார சிலம்பரசன்? எல்லாருமே எனக்காகத்தான் குப்புறப் படுத்தாங்களா? ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லலியே. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

ஜூலை 3

அவரிடம் நேராகவே கேட்டேன். "நான் மிதிச்சு உங்களுக்கு என்னிக்காவது சரியாச்சா?"

யோசித்தார். அவர் யோசித்ததே போதும்.

ஜூலை 7, ஞாயிறு

மங்கலம் ஒரு கிண்ணத்தில் கத்திரிக்காய் கொத்சு கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று பார்த்தேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கம்பியைத் தொடவில்லை. முழங்காலை இழுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, ஒருக்களித்து எழுந்தேன். இடுப்பு என் பேச்சைக் கேட்கிறது. மழையெல்லாம் காரணமில்லை.

கதவைத் திறந்தால் வாசலில் சிலம்பரசன், குப்புற. "யக்கா, புடிச்சிக்கிச்சு. வண்டியில குந்தவே முடியல."

இனி மிதிப்பதில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வலியில் அவன் முகம் கோணியிருந்தது. வழக்கம்போல இடது காலால் மெல்ல மிதித்தேன். "ஆங்..." என்றான். அது நடிப்பில்லை. எனக்குத் தெரியும்.

"எழுந்திரிக்காத. கால் ஏதாவது மரத்துப்போவுதா?"

"இல்லக்கா."

"அப்போ திரும்பிப் படு. முழங்கால நெஞ்சுகிட்ட இழு. மெதுவா."

"இது எதுக்குக்கா? எப்பவும் மிதிச்சா போதுமே." சுவேதாவை நான் பார்த்தேனே, அதே சந்தேகப் பார்வை.

"என் மிதி இன்னிக்கு மட்டுந்தான்டா தாங்கும். நாளைக்குக் காலைல நீதான் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டேன். அவன் முழங்காலைப் பிடித்து இழுத்தான்.

அவன் போன பிறகு தெருவில் குரல் கேட்டது. "மங்கலக்கா, எழிலக்கா காலுக்கு சக்தி போயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் போவல. அவுங்க சொன்னத செய்யிடா."

அவன் ஏதோ பதில் சொன்னான். அது என்னவென்று கேட்க நான் ஜன்னலுக்குப் போகவில்லை. இட்லி ஊற்றப் போனேன்.